வாய்ப்புண்ணும் அழற்சி நோய்களும்: மரபணு, மூலிகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் வாய்ப்புண் என்று சொல்வது பெரும்பாலும் ஆப்தஸ் புண்ணைத்தான். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பகுதி என மென்மையான இடங்களில் வரும். நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளையாகவும், சுற்றிலும் சிவந்தும் இருக்கும். இதோடு உறவுள்ள வேறு சில அழற்சி நோய்களையும் தொட்டிருக்கிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மூலிகையைப் புண்ணின் மேல் தடவுவதற்கு நாங்கள் எதிரி இல்லை. அதையே செறிவூட்டிய கேப்சூலாக மாதக்கணக்கில் விழுங்குவதுதான் எங்களுக்குக் கவலை.

அம்மாவுக்கு அடிக்கடி வாய்ப்புண் வரும். எனக்கும் வருகிறது. இது பரம்பரையா?

பெரும்பாலும் ஆம். அடிக்கடி வாய்ப்புண் வருபவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் குடும்பத்திலும் யாருக்காவது அது இருக்கும். தாய், தந்தை இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம் என்றும், இருவருக்கும் இல்லாவிட்டால் 20 சதவீத அளவு என்றும் பழைய குடும்ப ஆய்வுகள் காட்டின. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது, சாதாரண இரட்டையரைவிட அதிகம். குடும்ப வரலாறு உள்ளவர்களுக்குச் சிறு வயதிலேயே தொடங்கும்; கொஞ்சம் கடுமையாகவும் இருக்கும்.

ஆனால் ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்குச் சாப்பாடு, டூத்பேஸ்ட், மன அழுத்தம் எல்லாமே பொதுவானவை. அதனால் குடும்பத்தில் ஓடுவது அத்தனையையும் மரபணுவின் கணக்கில் எழுதிவிட முடியாது.

எந்த மரபணு என்று தெரியுமா?

ஒன்று அல்ல, நிறைய. 2019ல் பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் தரவுகளிலிருந்து சுமார் 4,60,000 பேரின் மரபணுக்களை அலசி, வாய்ப்புண்ணோடு தொடர்புள்ள 97 மாறுபாடுகளைக் கண்டறிந்தார்கள். அவை பெரும்பாலும் நோய் எதிர்ப்பு மண்டலத்தை, அதிலும் டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்களை, இயக்கும் மரபணுக்களின் பக்கத்தில்தான் இருந்தன. அதாவது அடிக்கடி வாய்ப்புண் வருபவரின் வாய்த்தோல் பலவீனமானது என்பதைவிட, அவருடைய எதிர்ப்புச் சக்தி சட்டென்று கோபப்படும் சுபாவம் உடையது என்பதே சரி.

இதில் இரண்டு பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். இன்டர்லூக்கின்-12 என்பது டி செல்களைச் சண்டைக்குத் தயார்படுத்தும் செய்தி. இன்டர்லூக்கின்-10 என்பது ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் செய்தி. முன்னது கூடி, பின்னது குறைந்தவர்களுக்குக் கன்னத்தை ஒருமுறை கடித்துக்கொண்டாலே போதும். மற்றவர்களுக்கு இரண்டு நாளில் ஆறிவிடும் சிறு காயம் இவர்களுக்குப் புண்ணாக வெடிக்கும். டி செல்கள் வந்து குவிந்து, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்கள் சுரந்து, மேல்தோல் செல்கள் அழிந்துபோகின்றன. பார்க்க வெளிக்காயம் மாதிரி இருந்தாலும் சேதத்தைச் செய்வது நம் உடலேதான்.

2020ல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவையானது. சாதாரண வாய்ப்புண், குழந்தைகளுக்கு வரும் ஒரு வகைக் காய்ச்சல் நோய், பெஹ்செட் என்ற ரத்தக் குழாய் அழற்சி நோய் ஆகிய மூன்றும் சில மரபணு இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்று அது காட்டியது. இன்டர்லூக்கின்-12, இன்டர்லூக்கின்-10 இரண்டின் மரபணுப் பகுதிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒரு முனையில் தொந்தரவு, மறுமுனையில் கண்ணைப் பறிக்கக்கூடிய நோய். நடுவில் தெளிவான கோடு எதுவும் இல்லை.

வாய்ப்புண் தொற்றுமா?

ஆப்தஸ் புண் தொற்றாது. ஹெர்ப்பீஸ் வைரஸால் வருவது தொற்றும். அது திரும்பத் திரும்ப வரும்போது உதட்டின் வெளிப்புறம், ஈறு, மேலண்ணம் போன்ற கெட்டியான இடங்களில், முதலில் சிறு கொப்புளங்களாக வரும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆப்தஸ் புண்ணுக்குத் தரும் ஸ்டீராய்டு பேஸ்ட்டை ஹெர்ப்பீஸ் மேல் தடவினால் நிலைமை மோசமாகும்.

மரபணு எப்போதும் உடம்பில் இருக்கிறது. ஆனால் புண் சில மாதங்கள் வருவதே இல்லையே?

மரபணு எளிதில் புண்ணாகும் தன்மையைத்தான் தருகிறது. தூண்டிவிட வேறொன்று வேண்டும். பல்லில் இடிபடுவது, கூரான பல் ஓரம், பல் கம்பி, தூக்கமின்மை, பரீட்சைக் காலம், சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள். நுரைக்காக டூத்பேஸ்ட்டில் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் சிலருக்குத் தூண்டுதல். அது இல்லாத பேஸ்ட்டுக்கு மாறி இரண்டு மூன்று மாதம் பார்ப்பது செலவில்லாத சோதனை. எந்த மூலிகையையும் தேடும் முன் இதைச் செய்யுங்கள்.

மருந்துகளையும் மறக்க வேண்டாம். இதயவலிக்குத் தரும் நிகோராண்டில், மூட்டு நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட், சில வலி நிவாரணிகள் ஆகியவை வாயில் புண்ணை உண்டாக்கும். அப்புறம் ஒரு விசித்திரம்: புகைப்பவர்களுக்கு ஆப்தஸ் புண் குறைவு. புகை வாய்த்தோலைத் தடிக்க வைப்பதுதான் காரணமாகக் கருதப்படுகிறது. அதனால் சிகரெட்டை விட்ட சில வாரங்களில் சிலருக்குப் புண் வரும். அது தானாகக் குறைந்துவிடும். அதற்காக மறுபடி பற்ற வைக்காதீர்கள்.

பெஹ்செட் நோய் என்கிறார்களே, எனக்கும் அது இருக்குமோ?

இணையத்தில் தேடினால் இந்தப் பயம் வருவது இயல்பு. 1937ல் துருக்கியைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஹுலூசி பெஹ்செட் விவரித்ததால் அந்தப் பெயர். ரத்தக் குழாய்களில் வரும் அழற்சி இது. துருக்கி முதல் ஜப்பான் வரை, பழைய பட்டுப் பாதை ஓடிய நாடுகளில் அதிகம். வாய்ப்புண் ஏறக்குறைய எல்லா நோயாளிகளுக்கும் வரும். ஆனால் வாய்ப்புண் வருபவர்களில் மிக மிகச் சிலருக்கே இந்த நோய்.

சர்வதேச ஆய்வுக் குழு 1990ல் வகுத்த அளவுகோல் எளிமையானது. ஒரு வருடத்தில் குறைந்தது மூன்று முறை வாய்ப்புண் வந்திருக்க வேண்டும். அதோடு பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் புண், கண் அழற்சி, குறிப்பிட்ட தோல் கோளாறுகள், ஊசி குத்திய இடம் ஓரிரு நாளில் கொப்புளமாவது ஆகிய நான்கில் இரண்டாவது இருக்க வேண்டும். வாய்ப்புண்ணோடு கண் சிவந்து வலித்து, பார்வை மங்கினால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். கற்றாழை தடவிக் காத்திருக்கும் வேளை அல்ல அது.

எச்.எல்.ஏ-பி51 சோதனை எடுத்துப் பார்த்துவிடலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஆறாவது குரோமோசோமில் உள்ள இந்த மரபணு வகை இருந்தால் பெஹ்செட் வரும் அபாயம் சுமார் ஆறு மடங்கு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் பெஹ்செட் நோயாளிகளிலேயே ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் அது இருக்கிறது. ஆரோக்கியமானவர்கள் பலரும் அதைச் சுமந்துகொண்டு எந்த நோயும் இல்லாமல் வாழ்கிறார்கள். முடிவு ‘இருக்கிறது’ என்று வந்தால் வீண் பயம், ‘இல்லை’ என்று வந்தால் வீண் நிம்மதி. மேலே சொன்ன 1990 அளவுகோலிலும் இந்தச் சோதனைக்கு இடமில்லை.

மரபணுச் சோதனை உண்மையில் பயன்படும் இடங்கள் வேறு. மிகச் சிறு வயதிலேயே பெஹ்செட் போன்ற அறிகுறிகள், அதுவும் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக என்றால், ஏ20 என்ற புரதத்தின் குறைபாடு காரணமாக இருக்கலாம். 2016ல் கண்டறியப்பட்ட இந்த நோய்க்கு ஒரே ஒரு மரபணுவின் பழுதுதான் காரணம். இன்னொரு இடம் மருந்து தொடங்கும் முன்பு. கடுமையான புண்ணுக்கு டாப்சோன் என்ற மருந்தைத் தருவதற்கு முன் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் ரத்த சிவப்பணுக்கள் உடையும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோபிரின் தருவதற்கு முன் டி.பி.எம்.டி., என்.யு.டி.டி.15 மரபணுக்களைப் பார்ப்பது உண்டு. இரண்டாவது ஆசியர்களுக்கு முக்கியம்.

குழந்தைக்கு மாதாமாதம் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வருகிறது.

குழந்தை மருத்துவரிடம் ‘பி.எஃப்.ஏ.பி.ஏ.’ என்று கேட்டுப் பாருங்கள். 2020 ஆய்வில் வந்த குழந்தைகளின் காய்ச்சல் நோய் இதுதான். 1987ல் விவரிக்கப்பட்டது. மூன்று முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்ததுபோல் காய்ச்சல், தொண்டைவலி, கழுத்தில் நெறிகட்டுதல், வாய்ப்புண். இடைப்பட்ட நாட்களில் குழந்தை நன்றாக விளையாடும், வளர்ச்சியும் குறையாது. ஆன்டிபயாடிக்கால் பயன் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு வயது ஏற ஏறத் தானாக நின்றுவிடும்.

மூலிகை தொடங்கும் முன் என்ன சோதனை செய்ய வேண்டும்?

ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, வைட்டமின் பி12, ஃபோலேட் ஆகியவை போதும். இவற்றில் ஏதாவது குறைந்திருந்தால் அதைச் சரிசெய்வதே சிகிச்சை. அதற்கு மேல் எதுவும் தேவைப்படாமல் போகலாம். 2009ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் தினமும் 1,000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டவர்களில் ஆறாம் மாத முடிவில் 74 சதவீதம் பேருக்குப் புண் வரவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம். ஆரம்பத்தில் பி12 குறைவாக இருந்தவர், சரியாக இருந்தவர் இருவருக்கும் பலன் கிடைத்தது என்பதுதான் இதில் வியப்பு.

வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, வயிற்றுவலி சேர்ந்திருந்தால் சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்), குரோன் நோய் (ஒரு வகைக் குடல் அழற்சி) இரண்டையும் பார்க்க வேண்டும். சீலியாக்கிலும் மரபணுவின் அளவு தெரிகிறது: அதற்கு வேண்டிய எச்.எல்.ஏ. வகைகளைச் சுமப்பவர்கள் பல நாடுகளில் மூன்றில் ஒருவர். நோய் வருவதோ நூற்றில் ஒருவருக்கு.

மூலிகை உண்மையிலேயே வாய்ப்புண்ணை ஆற்றுமா?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். சின்ன வகை ஆப்தஸ் புண், அதாவது ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவானது, எதுவும் செய்யாமலே ஏழு முதல் பதினான்கு நாளில் ஆறிவிடும். பத்தில் எட்டுப் பேருக்கு வருவது இந்த வகைதான். நான்காம் நாள் வலி தாங்காமல் எதையாவது தடவுகிறோம், எட்டாம் நாள் ஆறுகிறது, தடவியதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ‘எனக்குக் கைகண்ட மருந்து’ என்ற சாட்சியங்களில் பாதி இப்படிப் பிறந்தவையே.

அதனால் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும். அவை இருக்கின்றன, ஆனால் சில டஜன் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள். அவை மொத்தத்தில் சொல்வது: சில மூலிகைகள் வலியைக் குறைக்கின்றன, புண் ஆறுவதை ஓரிரு நாள் முன்னதாக்குகின்றன. அடுத்த மாதம் புண் வராமல் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. உங்கள் எதிர்ப்புச் சக்தியின் சுபாவத்தை எந்த இலையும் மாற்றாது.

சரி, எந்த மூலிகை?

அதிமதுரம் எங்கள் பட்டியலில் முதலில் வரும். இதன் வேரிலுள்ள கிளைசிரைசின் உடைந்து உண்டாகும் பொருள், நம் உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசால் சீக்கிரம் செயலிழக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதாவது இருக்கும் மருந்தை நீடிக்க வைக்கிறது. அதிமதுரத்திலிருந்து செய்த கார்பினாக்சலோன் என்ற மருந்து ஒரு காலத்தில் வயிற்றுப்புண்ணுக்கும் வாய்ப்புண்ணுக்கும் மருத்துவர்கள் எழுதித் தந்ததுதான். புண்ணின் மேல் ஒட்டும் அதிமதுரப் பட்டைகள் வலியைக் குறைத்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு.

கற்றாழைக்கு வலுவான சான்று ஆப்தஸ் புண்ணில் அல்ல, வாயில் வெள்ளைக் கோடுகளும் எரிச்சலுமாக வரும் லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோயில். தாய்லாந்தில் 2008ல் வெளியான ஆய்வில் எட்டு வாரம் கற்றாழை ஜெல் தடவிய 27 பேரில் 22 பேருக்கு நல்ல பலன்; வெற்று ஜெல் தடவிய 27 பேரில் ஒருவருக்குத்தான். வீட்டில் வெட்டிய மடலைப் பயன்படுத்துவதானால் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு உள்ளிருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் எடுங்கள். அந்த மஞ்சள் பால் பேதியாக்கும்.

மஞ்சளின் குர்குமின் கலந்த ஜெல்லை டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு பேஸ்ட்டோடு ஒப்பிட்ட சில சிறிய ஆய்வுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு உதவின. பல் கறைபடும், அவ்வளவுதான்.

மாசிக்காய், கடுக்காய் இரண்டும் துவர்ப்பானவை. அவற்றின் டானின் புண்ணின் மேல்பரப்புப் புரதங்களை இறுக்கி ஒரு மெல்லிய படலமாக்குகிறது. நரம்பு நுனிகள் மூடப்படுவதால் எரிச்சல் தணிகிறது. நீர்த்த கஷாயமாகக் கொப்பளித்துத் துப்பலாம். தேனும் படலம்போல் மூடும். ஆனால் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மணத்தக்காளி இலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பழைய வழக்கம் பலமானது, ஆய்வு ஆதாரம் மெலிந்தது. சமைத்த இலையால் கெடுதல் இல்லை, பச்சைக் காயைத் தவிருங்கள்.

கிராம்பு எண்ணெயைத் திறந்த புண்ணில் நேரடியாக வைக்காதீர்கள். மரத்துப்போவதால் இதமாகத் தெரியும், அடியில் திசு வெந்துபோகும்.

தடவுவதைவிட மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டால் உடம்பு முழுக்க அழற்சி குறையுமே?

மரபணுவும் மூலிகையும் நேரடியாகச் சந்திக்கும் இடம் இதுதான். குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். அதனால் விற்பனைக்கு வரும் கேப்சூல்களில் மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தோ, வேறு வழியிலோ உறிஞ்சுதலைப் பல மடங்கு கூட்டுகிறார்கள். அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் குழு 2022ல் மஞ்சள் தயாரிப்புகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரை விவரித்தது. ஒருவர் இறந்துபோனார். பத்தில் ஏழு பேரிடம் எச்.எல்.ஏ-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களிடமும் அதே வகைதான் அதிகம் காணப்பட்டது.

அந்த வகையைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி எதுவும் ஆகாது. ஆனாலும் ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லை’ என்ற வாசகம் எவ்வளவு வெறுமையானது என்று இதிலிருந்து தெரியும். சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. கேப்சூல் எடுக்கும்போது சிறுநீர் அடர்மஞ்சளாகி, பசி போய், உடம்பு அரித்தால் உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரல் சோதனை செய்யுங்கள்.

அதிமதுரத்தைத் தினமும் குடிக்கலாமா?

ரத்த அழுத்தம் உள்ளவர், சிறுநீரக நோயாளி, நீர் பிரியும் மாத்திரை அல்லது டிஜாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவர், கர்ப்பிணி என்றால் வேண்டாம். கார்டிசாலை நீடிக்கவைக்கும் அதே குணம் சிறுநீரகத்தில் வேறு மாதிரி வேலை செய்கிறது: உப்பு தேங்கும், பொட்டாசியம் வெளியேறும், அழுத்தம் ஏறும். மற்றவர்களுக்கும் தினசரி அளவாக கிளைசிரைசின் 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது ஐரோப்பிய நிபுணர் குழுவின் வரம்பு. புண் இருக்கும் சில நாட்கள் கொப்பளித்துத் துப்புவதற்கு இந்தக் கவலை இல்லை.

கோல்ச்சிசின் மாத்திரை எழுதித் தந்தார்கள். அது செங்காந்தளிலிருந்து வருவதாமே? செடியையே பயன்படுத்தினால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். கோல்ச்சிசின் தாவரத்திலிருந்து வரும் மருந்துதான்; செங்காந்தளிலும் (கண்வலிக் கிழங்கு) கோல்ச்சிகம் என்ற செடியிலும் இருக்கிறது. பெஹ்செட் நோயிலும் அடங்காத வாய்ப்புண்ணிலும் பயன்படுகிறது. ஆனால் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகச் சிறியது. மாத்திரையை அரை மில்லிகிராம் கணக்கில் அளந்து தருகிறார்கள். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதைத் தின்று இறந்தவர்கள் உண்டு. மாத்திரை எடுக்கும்போதும் கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் நஞ்சாகும். எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

குடல் அழற்சிக்கு மூலிகை?

பெருங்குடல் புண் அழற்சியில் அவுரி போன்ற செடிகளிலிருந்து எடுக்கும் நீலத்தூள் ஜப்பானிய ஆய்வுகளில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதைத் தொடர்ந்து எடுத்த சிலருக்கு நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியது, 2016ல் அந்நாட்டு அரசு எச்சரிக்கை விட்டது. வேலை செய்யும் அளவுக்கு வீரியம் இருந்தால் கெடுக்கும் அளவுக்கும் இருக்கும். குடல் மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் தொடாதீர்கள்.

பஸ்பம், செந்தூரம் கலந்த மருந்துகள்?

பாதரசம் உடம்பில் சேர்ந்தால் முதலில் தெரியும் அறிகுறிகளில் ஒன்றே வாய்ப்புண்ணும் ஈறு வீக்கமும் எச்சில் ஊறுவதும்தான். 2004ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. என்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் இல்லாத பொடியை வாய்ப்புண்ணுக்காகச் சாப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

மூன்று வாரம். அதற்குள் ஆறாத ஒற்றைப் புண்ணை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியே இல்லாத, ஓரம் தடித்த, தொட்டால் கெட்டியாக இருக்கும் புண்ணுக்கு மூன்று வாரம்கூட வேண்டாம். புகையிலை, பாக்கு பழக்கம் உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம். புற்றுநோய்ப் புண்ணின் மேல் மாதக்கணக்கில் மூலிகை தடவிக்கொண்டிருந்து தாமதமாக வருபவர்களை எல்லா மருத்துவமனைகளும் பார்க்கின்றன.

ஸ்டீராய்டு பேஸ்ட்டும் மூலிகை ஜெல்லும் சேர்த்துத் தடவலாமா?

ஒரே நேரத்தில் வேண்டாம். ஒன்று மற்றதை ஒட்டவிடாது. பேஸ்ட்டை இரவு படுக்கும் முன், புண்ணைப் பஞ்சால் ஒற்றி உலர்த்திவிட்டுத் தேய்க்காமல் வையுங்கள். புண் தலைகாட்டும் முதல் நாளே தொடங்கினால்தான் அதற்குப் பலன் அதிகம். ஜெல்லைப் பகலில் வைத்துக்கொள்ளலாம், அதன் பிறகு அரை மணி நேரம் எதுவும் குடிக்க வேண்டாம். பேஸ்ட் தடவும் நாட்களில் வாயில் வழித்தால் வரக்கூடிய வெள்ளைப் படிவு தெரிந்தால் அது பூஞ்சை. பேஸ்ட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பூஞ்சைக்கான மருந்து கேளுங்கள்.